பதவி உறுதிமொழி

பதவி ஏற்பவரும் சாட்சி சொல்பவரும் கடவுள்மீது ஆணையிட வேண்டுமா, உளமார உறுதி கூறினால் போதுமா என்பது பொதுவாழ்வில் ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் இடையே நெடுநாள் நீடித்த வழக்கு. அது முற்றி வெடித்த இடம் இங்கிலாந்தின் நாடாளுமன்றம்.

ஆணைமொழியை அந்நாட்டில் முதலில் மறுத்தவர்கள் நாத்திகர்கள் அல்லர். சத்தியமே செய்யாதே என்ற பைபிள் வாக்கைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்த குவேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சட்ட விலக்குப் பெற்றனர். 1847இல் வென்ற யூதரான லயனல் ரோத்சைல்டு, கிறித்தவ ஆணைமொழியை ஏற்காததால் 1858 வரை அவைக்கு வெளியே நின்றார். கடவுளின் தண்டனைக்கு அஞ்சாதவன் மெய் பேசமாட்டான் என்றே சட்டம் கருதியது. அதனால் நீதிமன்றத்தில் நாத்திகரின் சாட்சியம் செல்லாது. அவர் வீட்டில் திருடியவனுக்கு எதிராக அவரே கூண்டேற முடியாது. இந்த அநீதி 1869ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கியது.

தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தை 1866இல் நிறுவிய சார்லசு பிராட்லா 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்றார். நீதிமன்றத்தில் ஏற்கப்படும் உறுதிமொழியை அவையிலும் கூற அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. அப்படியானால் ஆணைமொழியையே எடுக்கிறேன் என்றார். நம்பாதவர் வாயில் கடவுள் பெயர் வருவது நிந்தனை என்று சொல்லி அதையும் தடுத்தனர். இரண்டு கதவுகளையும் அடைத்துவிட்டு, உள்ளே வரவில்லையே என்று குற்றம் சாட்டியது அவை. 1880 சூனில் அவர் நாடாளுமன்ற மணிக்கூண்டில் ஓரிரவு சிறைவைக்கப்பட்டார். பின்னர் உறுதிமொழி கூறி அமர இடைக்கால அனுமதி கிடைத்தது; 1881இல் நீதிமன்றம் அது செல்லாது என்றதால் இருக்கை பறிபோனது. மக்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 3 அன்று அவைக்குள் நுழைய முயன்றவரைக் காவலர்கள் பிடித்திழுத்துப் படிக்கட்டு வழியே வெளியே தள்ளினர், மேலங்கி கிழிந்தது. 1882 பிப்ரவரியில் அவர் நேரே மேசைக்குச் சென்று, சட்டைப்பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்து, தாமே ஆணைமொழியைப் படித்துக் கையொப்பமிட்டார். அவை அவரை நீக்கியது. நார்தாம்ப்டன் மறுபடியும் அனுப்பிவைத்தது.

பக்தியில் ஊறிய கிளாட்சுடன், பிரதமராக இருந்து நாத்திகரின் உரிமைக்காக 1883இல் வாதாடியது இவ்வரலாற்றின் உயர்ந்த கட்டம். அவர் அரசு கொண்டுவந்த உறுதிமொழி மசோதா 3 வாக்குகளில் தோற்றது. 1886இல் புதிய அவைத்தலைவர் ஆர்தர் பீல் எவரும் குறுக்கிட இடந்தராமல் பிராட்லாவை ஆணைமொழி ஏற்க வைத்தார். 1888இல் பிராட்லாவே கொண்டுவந்த ஆணைமொழிச் சட்டம் உறுதிமொழியை அனைவருக்கும் உரிமையாக்கியது.

இப்போராட்டம் சென்னையிலும் எதிரொலித்தது. பிராட்லாவின் இயக்கத்தைப் பின்பற்றிய சென்னை இலௌகிக சங்கத்தார் 1880களில் 'தத்துவ விவேசினி' இதழை நடத்தினர். பிராட்லா 1889இல் பம்பாய் காங்கிரசு மாநாட்டுக்கு வந்தார். 1891இல் நடந்த அவரது அடக்கத்தில் இலண்டனில் சட்டம் பயின்ற காந்தி கலந்துகொண்டார்.

இந்திய அரசியல் நிர்ணய சபை இச்சிக்கலை அமைதியாகவே தீர்த்தது. அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் கடவுளின் பெயரால் ஆணையிடுவதும் உளமார உறுதி கூறுவதும் மேலும் கீழுமாக அச்சிடப்பட்டுள்ளன. ஏற்பவர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச். வி. காமத் 1949 அக்டோபர் 17 அன்று கொண்டுவந்த திருத்தம் 68க்கு 41 என்ற வாக்குகளில் தோற்றது. எதிர்த்தவர்களில் பட்டம் தாணுப்பிள்ளை போன்ற ஆத்திகர்களும் இருந்தனர். நம்பிக்கையில் கட்டாயம் கூடாது என்பது அவர்கள் வாதம்.

தமிழ்நாட்டில் 1967 மார்ச் 6 அன்று அண்ணாவும் அவரது அமைச்சர்களும் உளமார உறுதி கூறிப் பதவியேற்றனர். சட்டப்பேரவையில் இன்றும் இரண்டு வாசகங்களும் வழக்கில் உள்ளன.