நட்சத்திரத்தில் இரும்பு இல்லைனு எப்படிச் சொல்றாங்க? 6,000 ஒளியாண்டு தூரத்தில் நடக்கும் 'ரசாயன சோதனை'

சூரியனில் இருக்கும் இரும்போடு ஒப்பிட்டால் ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. 2014-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழக விஞ்ஞானிகள் தலைமையிலான குழு ஒரு நட்சத்திரத்தைப் பற்றி இப்படி அறிவித்தபோது, உலகம் முழுக்க அது செய்தியானது.

அந்த நட்சத்திரத்தின் பெயர் எஸ்எம்எஸ்எஸ் 0313-6708. தூரம் சுமார் 6,000 ஒளியாண்டுகள். அங்கே போய் ஒரு சிட்டிகை எடுத்துவந்து லேபில் கொடுத்துப் பார்க்க வழியே இல்லை. அப்புறம் எப்படி அதில் இரும்பு எவ்வளவு என்று சொல்கிறார்கள்?

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 2017-ல் அதே நட்சத்திரத்துக்கு மறுபடி கணக்குப் போட்டார்கள். இந்த முறை 'ஒரு கோடியில் ஒரு பங்கு' என்பது 'சுமார் 34 லட்சத்தில் ஒரு பங்கு' ஆனது. நட்சத்திரத்தில் எதுவும் மாறவில்லை. கணக்குப் போடும் முறைதான் மாறியிருந்தது.

ஆக்சிஜன்கூட உலோகமா?

வானியல்காரர்களின் பேச்சு வழக்கு கொஞ்சம் வினோதமானது. ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டைத் தவிர மற்ற எல்லாமே அவர்களுக்கு 'உலோகம்'தான். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனும் அடுப்புக்கரியில் இருக்கும் கார்பனும் அந்தப் பட்டியலில் வரும். வேதியியல் டீச்சர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்த பெருவெடிப்பில் உருவானது ஹைட்ரஜன், ஹீலியம், கூடவே துளியூண்டு லித்தியம். அவ்வளவுதான். நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பு, எலும்பில் இருக்கும் கால்சியம் எல்லாமே பிற்பாடு நட்சத்திரங்களில் உருவாகி, அவை வெடித்துச் சிதறியபோது விண்வெளியில் கலந்தவை.

அந்தக் கலவையிலிருந்து அடுத்த தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்தன. அவையும் வெடித்தன. தலைமுறை கூடக்கூட உலோகமும் கூடியது. நம் சூரியன் ரொம்பவே பிந்தி வந்த நட்சத்திரம். வயது சுமார் 460 கோடி ஆண்டுகள்தான். ஆகவே உலோகம் மிகக் குறைவாக இருக்கும் நட்சத்திரம் பெரும்பாலும் ஆதிகாலத்தில் பிறந்ததாக இருக்கும்.

முதல் தலைமுறை நட்சத்திரங்களில் ராட்சத எடை கொண்டவை சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே எரிந்து முடிந்துவிட்டன. அப்படி ஒன்றைக்கூட இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவற்றின் சாம்பலில் இருந்து பிறந்த சின்ன நட்சத்திரங்கள், அதாவது சூரியனைவிட எடை குறைந்தவை, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழித்து இன்றும் எரிந்துகொண்டிருக்கின்றன. தேடுவது இவற்றைத்தான்.

கேஸ் அடுப்பில் உப்பு பட்டால் என்ன ஆகும்?

உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்து கேஸ் அடுப்பில் பட்டால், நீலத் தீ பளிச்சென்று மஞ்சளாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது உப்பில் இருக்கும் சோடியத்தின் வேலை. சோடியம் அணு சுமார் 589 நானோமீட்டர் அலைநீளத்தில்தான் அந்த மஞ்சளை உமிழும். வேறு எந்தத் தனிமமும் அச்சு அசலாக அதே கோட்டுத் தொகுப்பைத் தராது.

நட்சத்திரத்தில் இது தலைகீழாக நடக்கிறது. உள்ளே இருந்து எல்லா நிறமும் கலந்த ஒளி கிளம்புகிறது. வெளியே வரும் வழியில், சற்றே குளிர்ந்த மேல் அடுக்கில் இருக்கும் அணுக்கள் தங்களுக்குரிய அலைநீளத்தை மட்டும் விழுங்கிவிடுகின்றன. பூமிக்கு வந்து சேரும் ஒளியை வானவில் மாதிரி விரித்தால், அந்தந்த இடத்தில் கறுப்புக் கோடுகள் தெரியும். ஜெர்மனியின் ஜோசப் ஃபிரான்ஹோஃபர் 1814-ல் சூரிய ஒளியில் இப்படி நூற்றுக்கணக்கான கோடுகளை வரைந்து வைத்தார். அவை எந்தெந்தத் தனிமத்தின் கோடுகள் என்பதை 1859-60-ல் கிர்க்காஃப், புன்சன் இருவரும் அடையாளம் காட்டினார்கள்.

இரும்புக்கு மட்டுமே ஆயிரக்கணக்கான கோடுகள் உண்டு. சூரியனின் நிறமாலை அவற்றால் நெரிசலாக இருக்கும். உலோகம் குறைந்த பழைய நட்சத்திரத்தின் நிறமாலையோ ஊரடங்கு நாளின் அண்ணா சாலை மாதிரி காலியாகக் கிடக்கும்.

கோடு தெரிந்தால் அளவு தெரிந்துவிடுமா?

தெரியாது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கோடு அழுத்தமாக இருந்தால் தனிமம் அதிகம், மெலிதாக இருந்தால் குறைவு என்று தோன்றும். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் ஏற்கெனவே கறுத்த டிகாஷனில் இன்னொரு ஸ்பூன் தூள் போட்டாலும் நிறத்தில் வித்தியாசம் தெரியாதே, அதே மாதிரி அழுத்தமான கோடுகள் ஒரு கட்டத்துக்கு மேல் அளவைக் காட்டாது. அதனால் மெல்லிய கோடுகளைத்தான் அதிகம் நம்புகிறார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் வெப்பநிலை. சூடு கூடினால் அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனியாகும். அப்போது பழைய கோடு மங்கி வேறு கோடுகள் தோன்றும். தனிமத்தின் அளவு அப்படியே இருக்க, கோடு மட்டும் மாறும். எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில் எத்தனை அணுக்கள் அயனியாகும் என்பதற்கான சமன்பாட்டை 1920-ல் கொடுத்தவர் இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாஹா. இன்றைக்கும் இந்தக் கணக்குகளின் அடித்தளத்தில் அது இருக்கிறது.

சாஹாவின் சமன்பாட்டை வைத்து, ஹார்வர்டில் ஆய்வு செய்த சிசிலியா பெய்ன் 1925-ல் ஒரு விடை கண்டுபிடித்தார்: நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை. பூமியைப் போலத்தான் சூரியனும் இருக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. மூத்த வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் ஏற்க மறுத்ததால், தன் கண்டுபிடிப்பு அநேகமாக உண்மையல்ல என்று தன் ஆய்வேட்டிலேயே பெய்ன் எழுத வேண்டியதாயிற்று. நான்கு வருடம் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே விடைக்கு வந்து சேர்ந்தார்.

1951-ல் இதே கதை வேறு வடிவில் நடந்தது. சேம்பர்லின், ஆலர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் எச்டி 19445, எச்டி 140283 ஆகிய நட்சத்திரங்களை ஆராய்ந்தார்கள். இரும்பு நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வந்தது. எல்லா நட்சத்திரமும் ஒரே மாதிரிக் கலவைதான் என்பது அன்றைய நம்பிக்கை. அதனால் வெப்பநிலை மதிப்பை மாற்றிப் போட்டு, 'சூரியனில் சுமார் பத்தில் ஒரு பங்கு' என்கிற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்றைய கணக்குப்படி முதல் நட்சத்திரத்தில் சுமார் நூறில் ஒரு பங்கு, இரண்டாவதில் சுமார் 250-ல் ஒரு பங்கு. அவர்கள் தயங்கிய எண்ணே நிஜத்துக்கு நெருக்கமாக இருந்தது. ஆனாலும் நட்சத்திரங்களின் கலவை ஒன்றுபோல இல்லை என்று முதலில் காட்டிய ஆய்வு அதுதான்.

இப்போது வெப்பநிலையைப் பல வழிகளில் சரிபார்க்கிறார்கள். சாதாரண இரும்பு அணுவின் கோடுகளும் இரும்பு அயனியின் கோடுகளும் ஒரே விடையைத் தருகிறதா என்று பார்ப்பது அதில் ஒன்று. அப்படியும் 100 டிகிரி தவறினால் இரும்பின் அளவில் கால் பங்கு வரை வித்தியாசம் வரலாம்.

'இல்லை'யா, 'தெரியவில்லை'யா?

எஸ்எம்எஸ்எஸ் 0313 கதைக்கு வருவோம். சைடிங் ஸ்பிரிங் ஆய்வகத்தில் இருக்கும் ஸ்கைமேப்பர் தொலைநோக்கி முதல் வருடத்தில் படம் எடுத்த 6 கோடி நட்சத்திரங்களில் இதுவும் ஒன்று. கால்சியத்தின் அழுத்தமான கோடு விழும் 393 நானோமீட்டர் பகுதிக்கென்றே அந்தத் தொலைநோக்கியில் தனி ஊதா ஃபில்டர் உண்டு. அதன் வழியே பார்க்கும்போது வழக்கத்தைவிடப் பிரகாசமாகத் தெரிந்தால், அங்கே கால்சியம் அதிகம் விழுங்கவில்லை என்று பொருள். இப்படித் தேறியதைச் சிலி நாட்டில் இருக்கும் 6.5 மீட்டர் மெகல்லன் தொலைநோக்கியில் நுணுக்கமாகப் பார்த்தார்கள்.

லித்தியம், கார்பன், மக்னீசியம், கால்சியம் தெரிந்தன. இரும்பின் ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

இந்த இடத்தில் செய்தித் தலைப்புகள் வழுக்கிவிடுகின்றன. கோடு தெரியவில்லை என்றால் இரும்பு பூஜ்ஜியம் என்று அர்த்தமில்லை. கருவியின் இரைச்சலுக்குள் மறைந்துபோகும் அளவுக்கு மெலிதாக ஒரு கோடு இருக்கலாம். அதனால் விஞ்ஞானிகள் 'இதற்கு மேல் இருக்க வாய்ப்பில்லை' என்று ஒரு உச்சவரம்பை மட்டும் சொல்வார்கள். 2014-ல் சொன்ன 'ஒரு கோடியில் ஒரு பங்கு'ம் அந்த வரம்புதான்.

அந்த வரம்பு 2017-ல் ஏன் மாறியது? பழைய கணக்குகளில் நட்சத்திரத்தின் மேற்பரப்பை அசையாத வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக வைத்துக்கொள்வார்கள். நிஜத்தில் அது கொதிக்கும் உலை. சூடான வாயு மேலே வருவதும் ஆறியது கீழே இறங்குவதுமாக இருக்கும். இன்னொன்று, உலோகம் குறைந்த நட்சத்திரத்தில் புற ஊதா ஒளியைத் தடுக்க ஆள் குறைவு. அது சாதாரண இரும்பு அணுக்களிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. இருக்கும் இரும்பின் கோடே மங்கிவிடும். இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இரும்பு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். 2017 ஆய்வு இரண்டையும் முப்பரிமாணக் கணக்கில் சேர்த்தபோது வரம்பு மேலே ஏறியது.

சூரியனில் சுமார் 30,000 ஹைட்ரஜன் அணுவுக்கு ஒரு இரும்பு அணு. 2017 வரம்புப்படி இந்த நட்சத்திரத்தில் சுமார் 10,000 கோடி ஹைட்ரஜன் அணுவுக்கு ஒன்று, அல்லது அதைவிடக் குறைவு. தளர்த்திய கணக்கே இவ்வளவு.

இரும்புக் கோடு நிஜமாகவே கண்ணில் பட்ட நட்சத்திரங்களில் மிகக் குறைந்த அளவு கொண்டது 2019-ல் அறிவிக்கப்பட்டது. அதுவும் ஸ்கைமேப்பர் பிடித்ததுதான்: எஸ்எம்எஸ்எஸ் 1605-1443. அதில் சுமார் 5,000 கோடி ஹைட்ரஜன் அணுவுக்கு ஒரு இரும்பு அணு.

இதைத் தெரிந்து என்ன பயன்?

எஸ்எம்எஸ்எஸ் 0313-ல் இரும்பு இல்லாத குறைக்குக் கார்பன் தாராளம். இரும்புக்கு எதிரே கார்பன் விகிதம் சூரியனில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு. ஆதி நட்சத்திரம் முழு பலத்தோடு வெடித்திருந்தால் உள்மையத்து இரும்பும் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால், அந்த வெடிப்பு பலவீனமானது. வெளி அடுக்கின் கார்பன் மட்டும் தப்பிக்க, இரும்பு உள்ளேயே விழுந்து கருந்துளைக்குள் போயிருக்கும் என்கிறார்கள். யாரும் பார்க்காத ஒரு நட்சத்திரத்தின் மரண அறிக்கை இது.

எல்லாமே இந்த விளக்கத்துக்குள் அடங்கிவிடவும் இல்லை. 2011-ல் சிம்ம ராசி மண்டலத்தில் கண்டுபிடித்த ஒரு நட்சத்திரத்தில் இரும்பு, கார்பன் இரண்டுமே குறைவு. மொத்த உலோகமே சூரியனைவிட 20,000 மடங்கு கம்மி. வாயு மேகம் குளிர்ந்து சின்ன நட்சத்திரமாகச் சுருங்க, கார்பனும் ஆக்சிஜனும் ஓரளவாவது தேவை என்று சொல்லிவந்த கோட்பாட்டுக்கு அது பெரிய இடைஞ்சல். கார்பன் இல்லாமலே இப்படி ஒன்று பிறக்க முடியும் என்றால், உலோகமே கலக்காத ஒரு முதல் தலைமுறை நட்சத்திரம் இன்னும் எங்கேயாவது உயிரோடு இருக்கலாம். தேடல் நிற்காததற்கு இதுதான் காரணம்.

வயதையும் கோடுகளே சொல்வதுண்டு. 2001-ல் சிஎஸ் 31082-001 என்ற நட்சத்திரத்தில் யுரேனியத்தின் ஒரு மெல்லிய கோடு கிடைத்தது. பக்கத்திலேயே இரும்பின் கோடு இருக்கும் இடம் அது. இரும்பு குறைவாக இருந்ததால்தான் யுரேனியம் தலைகாட்ட முடிந்தது. யுரேனியம் பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும், தோரியத்துக்கு சுமார் 1,400 கோடி. இரண்டின் விகிதத்தை வைத்துக் கிடைத்த வயது சுமார் 1,250 கோடி ஆண்டுகள். பிழை அளவு 300 கோடி என்பதையும் கூடவே எழுதினார்கள்.

காவலூரில் முடியுமா?

திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில், 1986-ல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கியிலும் கோடுகளைப் பிரித்துக் காட்டும் எஷல் நிறமாலைமானி இருக்கிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்தும் இந்த ஆய்வகத்தால் ஓரளவு பிரகாசமான நட்சத்திரங்களின் கலவையை அளக்க முடியும். எஸ்எம்எஸ்எஸ் 0313 மாதிரி மங்கலானவை அதற்கு எட்டாது.

அதே நிறுவனம் லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் இமாலயன் சந்திரா தொலைநோக்கியையும் வைத்திருக்கிறது. உலோகம் குறைந்த நட்சத்திரங்களைத் தேடி அங்கே நடக்கும் ஆய்வின் பெயர் 'ஹெஸ்ப்-கோம்பா'. கோம்பா என்றால் லடாக்கில் புத்த மடாலயம்.

1951-ல் விஞ்ஞானிகள் நம்பத் தயங்கிய எச்டி 140283 நட்சத்திரத்தைத் தமிழ்நாட்டிலிருந்தே பார்க்கலாம். 'மெதுசெலா' என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. தூரம் சுமார் 200 ஒளியாண்டுகள்தான். 2013-ல் ஹப்பிள் தொலைநோக்கி உதவியோடு கணித்த வயது 1,446 கோடி ஆண்டுகள், பிழை அளவு 80 கோடி. பிரபஞ்சத்தின் வயதையே தாண்டுகிறதே என்று பரபரப்பானது, பிழை அளவைக் கழித்தால் உள்ளேதான் நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. மே, ஜூன் மாதங்களில் விளக்கு வெளிச்சம் இல்லாத இடமாகப் பார்த்து, வான வரைபட ஆப் ஒன்றின் துணையோடு துலாம் மண்டலத்தின் பக்கம் பைனாகுலரைத் திருப்பினால் சின்னப் புள்ளியாகக் கிடைக்கும்.