பேச்சிழந்த காலத்துத் துணை

மாத்தளை மாவட்டத்து மலைகளிடையே எல்கடுவ என்னும் ஊர் உளது. அங்கும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தாலன்றி அடுப்பெரியாத குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பமொன்றில் ஒருவரைப் பாரிசவாதம் வீழ்த்திவிட்டால் மற்றவர் தலையில் இரு சுமைகள் ஏறுகின்றன: ஒன்று அன்றாடக் கூலி, மற்றொன்று நோயாளியின் பராமரிப்பு. கைகால் முடங்கியதை எவரும் கண்ணாற் காணலாம். பேச்சு முடங்கியவரின் துன்பமோ எளிதிற் புலப்படுவதில்லை. நாக் குழறியவருக்கு அறிவும் குழறிவிட்டதென்று உற்றாரே எண்ணிவிடுகின்றனர்.

இவ்வெண்ணம் பிழையென்பதற்கு வைத்திய சரித்திரம் சான்று கூறுகிறது. 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் போல் புரோக்கா என்ற வைத்தியர் ஒரு நோயாளியைப் பரிசோதித்தார். பல ஆண்டுகளாக அம்மனிதர் ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர அநேகமாக வேறொன்றும் பேசியதில்லை. ஆயினும் பிறர் கூறியவற்றிற் பெரும்பாலானவற்றை அவர் விளங்கிக்கொண்டார். தொனியாலும் சைகையாலும் மறுமொழி தந்தார். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த புரோக்கா, இடப்பக்க முன்மூளையிற் சேதமிருக்கக் கண்டார். இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ மூளையின் அப்பகுதி பழுதுறக்கூடும். அப்போது சொல் வெளிவரும் வழி அடைபடுகிறது. சொல்ல விரும்பும் மனிதர் உள்ளே இருந்துகொண்டே இருக்கிறார்.

தமிழகத்தின் அண்மைக்காலச் சரித்திரத்தில் இத்துன்பத்தை நாடறிய அனுபவித்தவர் எம். ஜி. இராமச்சந்திரன். எல்கடுவயைப் போன்றே இலங்கையின் மத்திய மலைநாட்டைச் சேர்ந்த நாவலப்பிட்டியில் 1917இற் பிறந்தவர் அவர். நடிகருக்கும் அரசியல்வாதிக்கும் குரலே முதல். அம்முதலை அவர் இருமுறை இழக்க நேர்ந்தது. 1967 ஜனவரி 12ஆம் நாள் கழுத்திற் பாய்ந்த துப்பாக்கிக் குண்டு அவர் குரலின் தெளிவைக் குலைத்தது. அதன் பின்னரும் அவர் பத்தாண்டு காலம் திரையில் நடித்தார், 1977இல் முதலமைச்சரானார். 1984 ஒக்டோபரில் சிறுநீரகக் கோளாற்றால் சென்னையில் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டிருந்தபோது பாரிசவாதம் தாக்கியது. பேச்சு மீண்டும் தடைப்பட்டது.

இரு சோதனைகளிலும் அவருடைய துணைவியாக இருந்தவர் ஜானகி அம்மையார். ‘மோகினி’, ‘மருதநாட்டு இளவரசி’ ஆகிய படங்களில் அவருடன் நடித்தவர். 1963இல் அவரை மணந்தவர். 1984 நவம்பரில் நோயாளி நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது அம்மையாரும் உடன் சென்றார். டிசம்பரில் அங்கே மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அதே மாதம் நடைபெற்ற தேர்தலில் அவர் ஊரில் இல்லாமலே வெற்றி பெற்றார். 1985 பெப்ரவரியில் திரும்பி வந்து மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்றார். ஆயினும் பழைய பேச்சு திரும்பவில்லை. சொற்கள் தெளிவற்றே வந்தன. பழகியவர்களே அவற்றை எளிதில் உணர்ந்தனர். அந்நிலையிலும் 1987 டிசம்பர் 24இல் மறையும்வரை அவர் பதவியில் இருந்தார்.

பாரிசவாதத்தின் பின் குணமடைதல் என்பது முன்னிருந்த நிலைக்கே திரும்புதல் என்று பலர் கருதுகின்றனர். எம்.ஜி.ஆரின் வாழ்வு வேறொன்றைக் காட்டுகிறது. எஞ்சிய ஆற்றலைக் கொண்டு வாழத் தொடங்குதலும் குணமடைதலே. அதற்கு நோயாளியின் மனவுறுதி மட்டும் போதாது. குறைச்சொல்லையும் முழுச்சொல்லாக மதித்துக் கேட்கும் ஒருவர் அருகில் வேண்டும்.

அவ்விதம் கேட்பது ஒரு கலை. பணமின்றியே பயிலக்கூடிய கலை. நோயாளியின் முகம் பார்த்துச் சிறு வாக்கியங்களாற் பேசுதல், வானொலியைச் சற்றே தணித்தல், ‘ஆம்’, ‘இல்லை’ என்று தலையசைத்துச் சொல்லத்தக்க கேள்விகளைக் கேட்டல் என்பன அதன் முதற்பாடங்கள். சொல் பிறக்கும்வரை காத்திருப்பதே இவற்றுள் அரியது. அவசரப்பட்டு வாக்கியத்தை முடித்துவைப்பவர், அன்பினாலேயே நோயாளியின் முயற்சியைப் பறித்துவிடுகிறார். முன்னேற்றம் முதல் மாதங்களில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழும். ஆண்டுகள் சென்ற பின்னரும் சிறிது சிறிதாகத் தேறியவர்கள் உளர்.

காத்திருப்பவரும் மனிதரே. விடியலிற் கொழுந்து பறிக்கச் சென்று, மாலையில் நோயாளியைக் குளிப்பாட்டி, இரவில் விழித்திருக்கும் மனைவிக்கு ஓய்வு தருவது யார்? லயத்தில் அடுத்த காம்பராவிலுள்ளோர் ஒரு மணி நேரம் நோயாளியுடன் அமர்ந்திருந்தாலும் அது பேருதவியாகும்.

எம்.ஜி.ஆர். 1987 ஜனவரியில் எழுதிய உயிலில், தம் இராமாவரம் தோட்டத்தில் செவிப்புலனும் பேச்சும் இழந்த பிள்ளைகளுக்கு ஓர் இல்லமும் பள்ளியும் அமையவேண்டுமென விரும்பினார். 1990இல் அப்பள்ளி தோன்றியது. அதனை நிறுவியவர் ஜானகி அம்மையார். அவர் 1996இற் காலமானார். பேச வாயெடுத்துப் பேச முடியாதவரின் தவிப்பைத் தம் இல்லத்தில் ஆண்டுக்கணக்காகக் கண்டவர் அவர். அத்தவிப்பு வீட்டளவில் நின்றுவிடாமற் பிறர் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. இராமாவரத்துக் காணியும் செல்வமும் எல்கடுவ லயங்களில் இல்லை. அங்குள்ள இல்லாளிடம் பொறுமையோடு கேட்கும் செவி உண்டு. நோயுற்றவர் முதலில் வேண்டுவதும் அதுவே.