டீசல் எஞ்சினில் கிராங்க்‌ஷாஃப்ட் முறிவும் எரிவரிசை மாற்றமும்

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க்‌ஷாஃப்ட் எனும் வணரித்தண்டு. சிலிண்டர்களில் எரிபொருள் எந்த முறையில் அடுத்தடுத்து எரிகிறதோ அதுவே எரிவரிசை, பட்டறைப் பேச்சில் ஃபயரிங் ஆர்டர். பெரிய டீசல் எஞ்சின்களில் தண்டு முறிந்தபோதெல்லாம் முதலில் எஃகின் மீதே பழி விழுந்தது. பல வேளைகளில் குற்றம் தாளத்தில் இருந்தது. ஒவ்வொரு எரிப்பும் தண்டைச் சற்றே முறுக்கி விடுகிறது. அந்தத் தள்ளல்கள் தண்டின் இயல்பதிர்வோடு ஒத்துப்போனால் முறுக்கல் ஏறிக்கொண்டே போய் உலோகம் களைத்துவிடும்.

முறிந்த தண்டே காரணத்தைச் சொல்லும். முறுக்கதிர்வால் போனதென்றால், விரிசல் பெரும்பாலும் எண்ணெய்த் துளையின் விளிம்பில் தொடங்கி, அச்சுக்கு 45 பாகை சாய்வில், துணியைப் பிழிந்தாற்போல் சுற்றிச் செல்லும். வளைவால் போனதென்றால், ஜர்னல் (பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதி) தண்டின் வளைவோடு வந்து சேரும் மூலையில் தொடங்கிக் குறுக்கே பிளக்கும். முறிவு முகத்தில் பழைய விரிசல் வழவழப்பாக, அலை பின்வாங்கிய மணலின் வரிகளோடு இருக்கும். கடைசியில் ஒடிந்த இடம் மட்டும் சொரசொரக்கும்.

கப்பல்களின் நீண்ட தண்டுகளில் இந்த அதிர்வை அளந்து 1902இல் வெளியிட்டவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மான் ஃப்ராம். 1910 வாக்கில் பிரிட்டனின் பொறியாளர் லான்செஸ்டர் அதிர்வுத் தணிப்பானை உருவாக்கினார். 1921இல் பொறியாளர் ஹோல்சர் தந்த கணக்கு முறையால், எந்த வேகத்தில் ஆபத்து என்பதைத் தண்டு வார்ப்படம் ஏறும் முன்பே கணித்துவிட முடிந்தது. ஆயினும் பிரிட்டனின் ஆர்101 வான்கப்பலுக்கான பியர்ட்மோர் டொர்னேடோ டீசல் அதே தொல்லையில் சிக்கியது. ஒரே வரிசையில் எட்டுச் சிலிண்டர். நிமிடத்துக்கு 1000 சுற்றில் 700 குதிரைத்திறன் என்பது இலக்கு. 950 சுற்றை ஒட்டிக் கடும் முறுக்கதிர்வு எழுந்ததால், 890 சுற்றிலும் 585 குதிரைத்திறனிலும் நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. கப்பல் எஞ்சின்களின் சுற்றுமானியில் இன்றும் காணப்படும் சிவப்புப் பட்டை இத்தகைய வேகத்தைக் குறிப்பதே. அங்கே தங்காமல் விரைந்து கடக்க வேண்டும்.

எரிவரிசையை மாற்றுவது தீர்வாகுமா? ஓரளவுக்குத்தான். சிலிண்டர் எண்ணிக்கையைச் சார்ந்த முதன்மை அதிர்வுகளில் எல்லாத் தள்ளல்களும் ஒன்றுகூடும். வரிசையை எப்படிக் கலைத்தாலும் அவை குறையா. இடைப்பட்ட அதிர்வுகளைத்தான் தணிக்கலாம். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து நடுப் பேரிங்கை நசுக்குவதையும் தவிர்க்கலாம். ஆறு சிலிண்டர் நான்கு வீச்சு எஞ்சினில் 1-2-4-6-5-3 என்பதை 1-5-3-6-2-4 ஆக்க, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டையும் எரிபொருள் பம்பின் நேரத்தையும் மாற்றினால் போதும், தண்டு பழையதே இருக்கலாம். இரண்டு வீச்சு எஞ்சினில் அந்த வசதி கிடையாது. வரிசை தண்டின் வளைவுகளிலேயே பதிந்திருப்பதால், அதை மாற்றப் புதுத் தண்டே வேண்டும்.

வரிசை தண்டின் வடிவோடு பிணைந்திருப்பதற்கு நல்ல சான்று ஜெனரல் மோட்டார்ஸின் இஎம்டி பிரிவு செய்த 645 வகை ரயில் எஞ்சின். இரு சிலிண்டர் வரிசைகளும் 45 பாகையில் விரிந்த இரண்டு வீச்சு எஞ்சின் இது. 16 சிலிண்டர் எஞ்சினில் 1, 8, 9, 16 என்று தொடங்கும் எரிவரிசையில் 22.5 பாகைக்கு ஓர் எரிப்பு, பிசகாமல் நிகழும். 20 சிலிண்டராக்கியபோது அதே 45 பாகை ஒத்துவரவில்லை: எரிப்புகள் 9 பாகை, 27 பாகை என மாறிமாறி விழுந்தன. 3600 குதிரைத்திறனுக்காக 1965 முதல் 1971 வரை கட்டப்பட்ட எஸ்டி45 லோகோக்களில் 20 சிலிண்டர் எஞ்சினே இருந்தது. தொடக்க காலத்தில் அவற்றின் கிராங்க்‌ஷாஃப்டுகள் முறிந்தன. நீண்ட எஞ்சின் உடல் பாரத்தில் நெளிந்து, தாங்கிய தண்டையும் வளைத்ததே காரணமாகக் கண்டறியப்பட்டது. இஎம்டி அந்த உடலை உறுதியாக்கிய பின் முறிவு ஓய்ந்தது. ஆனாலும் 3000 குதிரைத்திறன் தரும் 16 சிலிண்டர் எஸ்டி40 போதும் என்று சில ரயில்வேக்கள் ஒதுங்கிக்கொண்டன.

பின்னர் இஎம்டி தேர்ந்த வழி சரியானதே. 1984இல் வந்த 710 வகையில் பிஸ்டன் வீச்சை 254 மில்லிமீட்டரிலிருந்து 279 ஆக்கினார்கள். 16 சிலிண்டரே 3800 குதிரைத்திறன் தந்தது, தண்டை நீட்ட வேண்டியிருக்கவில்லை. இந்திய ரயில்வேயின் டபிள்யூடிஜி-4 சரக்கு லோகோவில் 4000 குதிரைத்திறனோடு ஓடுவது இந்த 16 சிலிண்டர் 710தான்.