பெட்டியைத் திறக்கும் முன்

பொங்கலுக்கு முந்திய நாள் நம் இல்லங்களில் நிகழும் தூய்மைப் பணி இனிய பணியாகும். சுவர்கள் கழுவப்படுகின்றன, ஒட்டடை அகற்றப்படுகிறது, ஓராண்டாகச் சேர்ந்த உடைசலும் கந்தலும் வாயிலுக்கு வருகின்றன. வேண்டாதன நீங்கினால் இல்லம் விரிகிறது. அதனோடு உள்ளமும் விரிகிறது. இதனை மறுப்பார் எவரும் இலர். ஆயினும், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை நோக்குங்கால், இக்கழித்தலுக்கு மற்றொரு முகமும் உண்டென்பதை உணர்கிறோம். குப்பையோடு குப்பையாகப் போனவற்றுள் நம் வாழ்வின் சான்றுகளும் இருந்தன. அவை எவ்வாறு போயின என்பதையும், எஞ்சியிருப்பனவற்றை எவ்வாறு காப்பது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அத்தையின் போகி

என் தந்தையாரின் தமக்கை பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அங்கேயே பால் மரம் சீவி முதுமை எய்தியவர். 1950-களின் தொடக்கத்தில் ஒரு போகி நாள் விடியலில், பாட்டனாரின் டிரங்குப் பெட்டியை அவர் துப்புரவு செய்தார். கரையான் அரித்த காகிதக் கட்டு ஒன்று அடியில் கிடந்தது. அத்தைக்கு எழுத்தறிவு இல்லை. கட்டு நெருப்பில் விழுந்தது.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. விடுதலைக்கு முன் இம்மண்ணில் பிறந்தோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அரசமைப்புச் சட்டம் வழி வகுத்தது. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தோர்க்கு மலாய்மொழித் தேர்விலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால், இங்குப் பிறந்ததற்குச் சான்று வேண்டுமே! அத்தையின் பிறப்புப் பத்திரம் அந்தக் கட்டில்தான் இருந்தது. சிவப்பு அடையாள அட்டையே அவருக்கு வாய்த்தது. 1969-இல் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமச் சீட்டுப் பெறவேண்டும் என்னும் நிலை வந்தபோது, பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். அத்தை அவ்வாறு போகவில்லை. எனினும் ஒவ்வொரு முறை சீட்டைப் புதுப்பிக்கும் போதும் அவர் உறக்கம் இழந்ததை நான் கண்டிருக்கிறேன்.

“கரையான் தின்ன காகிதந்தானேன்னு போட்டேன்டா. அதிலே நான் பொறந்தது இருந்துச்சுன்னு எனக்கு யாரு சொன்னா?” என்று இறுதிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

பத்தடி அறையின் ஒழுங்கு

ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் திரட்டுவது மலாயாவைப் பொறுத்தவரை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை அதன் பின்னும் நீடித்தது. 1938-இல் இந்திய அரசு விதித்த தடையோடு அதுவும் ஓய்ந்தது. இவ்வாறு வந்த குடும்பங்களுக்குத் தோட்டங்களில் கிடைத்தது லயத்து வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவிலான ஓர் அறையும் முன்புறத்தில் ஒரு தாழ்வாரமுமே பல தோட்டங்களில் ஒரு குடும்பத்தின் உலகம்.

அவ்வுலகில் ஒழுங்கு இருந்தது. அவ்வொழுங்கை வறுமை கற்பித்தது. சுவருக்குச் சுவர் கட்டிய கொடியில் துணிகள் தொங்கின. உறியில் உணவு இருந்தது. பாய்கள் பகலில் சுருண்டு மூலையில் நின்றன. சாமி படத்துக்கு ஒரு பலகை. எல்லாவற்றுக்கும் அடியில், கட்டிலிருந்தால் கட்டிலுக்குக் கீழே, இல்லையேல் செங்கல் மேல், டிரங்குப் பெட்டி. ஊரிலிருந்து கப்பலில் வந்த பெட்டி அது. 1926-இல் கட்டப்பட்டுச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ராஜுலா’ போன்ற கப்பல்களில் எத்தனை பெட்டிகள் வந்திறங்கினவோ!

சேலை, நகை, மணநாள் படம், ஊர்க் கடிதம், பத்திரம் ஆகிய யாவும் அப்பெட்டிக்குள் ஒன்றாகக் கிடந்தன. குடும்பத்தின் நிதியகமும் அதுவே. ஆவணக் காப்பகமும் அதுவே. பெட்டியின் சாவி யாரிடமோ, அவரே இல்லத்தின் தலைவி. அவர் மறைந்த பின் பெட்டியைத் திறப்பவருக்கு உள்ளிருப்பவற்றின் பொருள் தெரியாமற் போனது. இழப்பு அங்கேதான் தொடங்கியது.

அச்சமும் அவசரமும்

தூய்மை நாட்டம் மட்டும் பெட்டிகளை வெறுமையாக்கவில்லை. 1942 முதல் 1945 வரை நிலவிய ஜப்பானியர் ஆட்சியில் சயாம்-பர்மா இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பி வாராதோர் மிகப் பலர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்ந்தபின் இந்திய தேசிய இராணுவத்தில் நம் இளைஞரும் இளம்பெண்களும் சேர்ந்தனர். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் மீண்டு வந்தபோது, சீருடையோடு எடுத்த படத்தை அடுப்பில் இட்ட தாய்மார் உண்டு. அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. மகன் உயிரினும் படம் பெரிதன்று.

1948-இல் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயமாயிற்று. 1950-க்குப் பின் மறுகுடியமர்த்தல் திட்டம் விரைந்தபோது, தோட்டங்களில் சிதறியிருந்த லயங்களும் முள்வேலிக்குள் ஒன்றுதிரட்டப்பட்டன. குறுகிய அவகாசத்தில் இடம்பெயர்வோர் எதை எடுப்பர், எதை விடுப்பர்? அரிசியையும் அண்டாவையும் எடுப்பர், காகிதத்தை விடுப்பர்.

அதன் பின் தோட்டத் துண்டாடல் வந்தது. 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் கூறு கூறாக விற்கப்பட்டன. வேலையோடு வீடும் போயிற்று. இத்துயரைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் திங்கள்தோறும் செலுத்திய பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அச்சங்கத்தின் பழைய பங்குப் புத்தகம் ஒன்று இன்று எவர் வீட்டிலேனும் கிடந்தால், அது வெறும் காகிதமா? ஓர் உழைப்பாளி தன் வீட்டைத் தானே காக்க முனைந்ததன் எழுத்துச் சான்றன்றோ!

சிங்கப்பூரின் கதை வேறு வகையானது. முடிவு மட்டும் ஒத்திருக்கிறது. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1961 மே 25-ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ தீவிபத்தில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்குப் பின் அடுக்குமாடிகள் விரைந்து எழுந்தன. கம்பங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாழ்ந்த நம்மவர் புதுவீடு புகுந்தனர். 1971-இல் ஆங்கிலப் படைகள் வெளியேறியபோது, செம்பாவாங் கடற்படைத் தளத்தைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்களும் பெயர்ந்தன. புதுவீட்டில் ஒளி இருந்தது, காற்று இருந்தது, குழாய் நீர் இருந்தது, பரண் இல்லை. பரண் இல்லாத வீட்டில் பழைய பெட்டிக்கு இடமேது?

தாயகம் தரும் பாடம்

இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது, கரிவலம்வந்தநல்லூரில் பாண்டிய மன்னர் ஒருவர் தொகுத்து வைத்த சுவடிகள் நெருப்பில் இடப்பட்டன என்று கேட்டு உள்ளம் வெதும்பினார். ஆடிப் பெருக்கின்போது பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கத்தையும் அவர் வருந்திக் குறித்திருக்கிறார். அவ்வாறு செய்தோர் தீயோர் அல்லர். பழுதுற்றதைப் புனிதமாகக் கழிக்கிறோம் என்றே அவர்கள் எண்ணினர். இல்லத்தைத் தூய்மை செய்த என் அத்தையும் அவ்வாறே எண்ணினார். அறியாமை நல்லெண்ணத்தோடு சேரும்போது விளையும் கேடு பெரிது.

ஐயர் அவர்கள் தேடாதிருந்தால் 1887-இல் சீவக சிந்தாமணியும் 1894-இல் புறநானூறும் அச்சேறியிரா. நம் பெட்டிகளில் சங்க இலக்கியம் இல்லை; உண்மைதான். ஆனால் எழுத்தறியாத மக்கள் கூட்டம் ஒன்று கடல் கடந்து வந்து ஒரு நாட்டை உருவாக்கிய வரலாறு அப்பெட்டிகளில் இருக்கிறது.

கழிக்கும் கலை

அப்படியானால் எதையுமே எறியக் கூடாதா? அதுவும் பிழையே. எல்லாவற்றையும் குவித்து வைக்கும் வீட்டில், குவியலே பொக்கிஷத்தை மறைத்துவிடும். பூச்சியும் ஈரமும் குவியலைத்தான் முதலில் நாடும். எனவே நான் கைக்கொள்ளும் முறையைக் கூறுகிறேன்.

பெட்டியைத் திறக்கும் முன், வீட்டில் மூத்தவர் ஒருவரை அருகில் அமர்த்துக. பொருள்களை நான்காகப் பிரிக்க. உடைந்து பயனற்றன ஒரு பக்கம். பிறர்க்குப் பயன்படுவன ஒரு பக்கம். நாம் நாளும் எடுத்தாள்வன ஒரு பக்கம். பெயரும் நாளும் இடமும் தாங்கிய எதுவாயினும் நான்காம் பக்கம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, தொழிற்சங்கச் சந்தா அட்டை, சம்பளச் சீட்டு, பள்ளி அறிக்கை, கடித உறை, கோயில் திருவிழா அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் ஆகியன இதில் அடங்கும். நான்காம் பக்கத்தை அன்றே முடிவு செய்யாதீர். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் எழுதுக. மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். துருப்பிடிக்கும் ஊசிகளை நீக்குக. கிழிசலை ஒட்டுநாடாவால் ஒட்டாதீர். காலப்போக்கில் பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்னும். நெகிழித் தாளிட்டு நிலையாக ஒட்டி மூடுவதும் மூலத்திற்குக் கேடே. நம் நாட்டு ஈரக்காற்றில் தரையும் சமையலறைச் சுவரும் பகை. உலர்ந்த அலமாரியின் நடுத்தட்டே நலம். இன்று கைப்பேசியால் நொடியில் படி எடுக்கலாம். படி எடுத்தோம் என்பதற்காக மூலத்தை எறிந்துவிடலாகாது.

வீட்டில் இடமில்லையெனின் நாட்டில் இடமுண்டு. மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் 1957-லும் சிங்கப்பூரின் ஆவணக் காப்பகம் 1968-லும் தோன்றியவை. சிங்கப்பூரில் 2015-இல் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. 1924-இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோனது. அதன் பழைய இதழ் ஒன்று உங்கள் அலமாரியின் அடித்தட்டில் விரிப்பாகக் கிடக்கக்கூடும். எறியும் முன் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

அத்தை மறைந்த பின் அவருடைய பெட்டியை நான் திறந்தேன். இரண்டு சேலைகள், வெற்றிலைச் செல்லம், சிவப்பு அட்டை ஆகிய மூன்றே இருந்தன. அவரிடம் எஞ்சிய ஒரே காகிதம் அது. அவர் இந்நாட்டவர் அல்லர் என்று சொல்லிய காகிதம். அதனை நான் எறியவில்லை. பின்புறம் அவர் பிறந்த தோட்டத்தின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.