கொடையும் கூலியும்

அயல்நாட்டுப் பயணிகளுக்கென எழுதப்படும் கையேடுகளில் 'டிப்ஸ்' பற்றிய பத்தி ஒன்று தவறாமல் இடம்பெறும். அமெரிக்க உணவகத்தில் கட்டணத்துக்கு மேல் நூற்றுக்கு 15 முதல் 20 வரை வைத்துவிட்டு வர வேண்டும். பிரான்சில் மீந்த சில்லறையை விட்டு வந்தால் போதும். ஜப்பானில் எதுவும் வைக்கலாகாது. இவற்றைப் படிக்கும் நாம், அமெரிக்கர் தாராள மனத்தினர், பிரெஞ்சுக்காரர் கணக்குப் பார்ப்பவர், ஜப்பானியர் தன்மானம் மிக்கவர் என்று எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். 'பண்பாட்டு வேறுபாடு' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டிய தேவை இருப்பதில்லை.

வரலாற்றைச் சற்றுப் புரட்டினால் இந்த முடிவுகள் நிற்பதில்லை. இன்று அமெரிக்கப் பண்பாடாகக் கருதப்படும் இவ்வழக்கத்தை அமெரிக்க மாநிலங்கள் சில ஒரு காலத்தில் சட்டமியற்றித் தடைசெய்தன. இனாம் வாங்காத ஜப்பானில், இனாமை மட்டுமே நம்பி வயிறு வளர்த்த பெண்கள் இருந்தார்கள். பரிமாறுகிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி எல்லா நாடுகளிலும் எழுந்தது. அதற்கு அந்தந்த நாடு, பல சச்சரவுகளுக்குப் பின் வந்தடைந்த விடையையே நாம் பண்பாடு என்று அழைக்கிறோம் என்று தோன்றுகிறது.

சொற்களிலிருந்து தொடங்கலாம். பிரெஞ்சு மொழியில் இதற்குப் 'பூர்புவார்' என்று பெயர். 'குடிப்பதற்கு' என்பது பொருள். ஜெர்மானியரின் 'டிரிங்க்கெல்ட்' குடிப்பதற்கான காசு. போர்ச்சுகீசியரின் 'கோர்ஜெத்தா' தொண்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ரஷ்யர் தேநீர்க் காசு என்பர்; ஜப்பானில் முன்பு வழங்கிய 'சாதாய்' என்ற சொல்லுக்கும் அதுவே பொருள். நம்மூரில் 'காப்பிச் செலவுக்கு' என்று தலையைச் சொறிவது இந்த உலக மரபின் ஒரு கிளைதான். இனாம் அரபியிலிருந்தும் பட்சீஸ் பாரசீகத்திலிருந்தும் நமக்கு வந்தவை. இரண்டும் மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு மனமுவந்து அளிப்பதைச் சுட்டுபவை. ஆங்கிலத்தின் 'டிப்', விரைவான சேவையை உறுதிசெய்வது பற்றிய தொடரொன்றின் முதலெழுத்துகள் என்று சொல்லப்படுவது பிற்காலக் கட்டுக்கதை. 17ஆம் நூற்றாண்டுத் திருடர்களின் குழூஉக்குறியில் 'கொடு' என்ற பொருளில் அச்சொல் வழங்கியிருக்கிறது.

இச்சொற்களில் பலவும் சோற்றைப் பேசாமல் பானத்தைப் பேசுவது கவனிக்கத்தக்கது. சோற்றுக்கு வேறொருவர் பொறுப்பு, இது அதற்கு மேல் தொண்டையை நனைத்துக்கொள்ள என்பதே அவற்றின் உட்கிடை. பின்னாளில் சோறே இதை நம்பியதாகிவிட்டது. சொல் மட்டும் மாறவில்லை.

*

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சீமான் ஒருவர் வீட்டில் விருந்துண்டுவிட்டுப் புறப்படுவது செலவு பிடித்த காரியம். வாசற்கூடத்தில் ஏவலர் வரிசையாக நிற்பார்கள். தொப்பியை எடுத்துத் தந்தவர், மேலங்கியைப் பிடித்தவர், மது ஊற்றியவர் என்று ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது வைத்தாக வேண்டும். இதற்கு 'வேல்ஸ்' என்று பெயர். குறைந்த வருவாய் உடையவர்கள் இதற்கு அஞ்சியே பெரிய வீட்டு அழைப்புகளைத் தட்டிக்கழித்தார்கள்.

லண்டன் தெருக்களில் குடைபிடித்து நடந்து கேலிக்கு ஆளான ஜோனஸ் ஹான்வே என்ற வணிகர் 1760இல் இவ்வழக்கத்தைக் கண்டித்துக் கடித வடிவில் ஒரு நூல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டில் ஏவலரின் ஊதாரித்தனத்தை எள்ளி ஜேம்ஸ் டவுன்லி எழுதிய கேலி நாடகம் மேடையேறியது. எடின்பரோவில் அது நடிக்கப்பட்டபோது ஏவலர்கள் அரங்கிலேயே கலகம் செய்தார்கள். வேல்ஸ் கொடுப்பதில்லை என்று கனவான்கள் கூடி முடிவெடுக்கத் தொடங்கியதும் எதிர்ப்பு வலுத்தது. 1764இல் லண்டனின் ரானலா பூங்காவில் ஏவலர் கலவரம் மூண்டது.

இதை வேலைக்காரர்களின் பேராசை என்றே அக்கால எழுத்துகள் பலவும் வருணிக்கின்றன. ஆனால் விருந்தினர் தருவார் என்ற கணக்கை வைத்துத்தான் எஜமானர்கள் சம்பளத்தைக் குறைவாக நிர்ணயித்திருந்தார்கள். விருந்தாளியின் காசு போய்ச் சேர்ந்தது வீட்டுக்காரரின் பைக்குத்தான். ஏவலர்கள் கலகத்தில் இறங்கியது சன்மானத்துக்காக அல்ல, சம்பளத்தின் மறுபாதிக்காக.

*

அமெரிக்கா இவ்வழக்கத்தைத் தொடக்கத்தில் வெறுத்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டுத் திரும்பிய செல்வந்தர்கள் அதைத் தம்முடன் கொண்டுவந்தபோது, குடிமக்கள் யாவரும் சமம் என்று அறிவித்த நாட்டுக்கு இந்தப் பிரபுத்துவ எச்சம் தகாது என்ற குரல்கள் எழுந்தன. அது வேரூன்றிய இடம் இரயில்.

ஜார்ஜ் புல்மன் 1867இல் தொடங்கிய நிறுவனம் படுக்கை வசதி கொண்ட ஆடம்பரப் பெட்டிகளை இரயில்களில் இணைத்து ஓட்டியது. அவற்றில் பணிபுரிய அண்மையில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை அவர் தேர்ந்தெடுத்தார். படுக்கை விரிப்பது, காலணிக்கு மெருகேற்றுவது, நள்ளிரவு மணியோசைக்கு ஓடிவருவது எல்லாம் அவர்கள் வேலை. பயணிகள் அவர்களின் பெயரைக் கேட்பதில்லை; முதலாளியின் பெயரால் எல்லோரையுமே 'ஜார்ஜ்' என்று அழைத்தார்கள். அடிமையை உடைமையாளரின் பெயரால் அழைத்த பழக்கத்தின் தொடர்ச்சி அது. நிறுவனம் பெயரளவுக்கு ஒரு சம்பளம் கொடுத்தது. மீதியைப் பயணிகளின் கைக்கு விட்டுவிட்டது. வழியில் உண்ணும் உணவும் காலணி மெருகும்கூடப் பணியாளரின் சொந்தச் செலவு.

1915இல் தொழிலுறவுகள் பற்றிய கூட்டரசு ஆணையம் இதை விசாரித்தது. அப்போது ஒரு போர்ட்டரின் மாதச் சம்பளம் 27.50 டாலர். நிறுவனத்தின் சார்பில் சாட்சியம் அளித்தவர்களில் ஒருவர், அதன் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்த ராபர்ட் டாட் லிங்கன். அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட ஆபிரகாம் லிங்கனின் மகன். தந்தையின் கையொப்பத்தால் விடுதலையானவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் வாழ்க்கைக்குப் போதுமான ஊதியம் ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு மகன் விடை சொல்ல வேண்டியிருந்தது. சம்பளம் போதாதென்பதையும் குறையை டிப்ஸ் ஈடுகட்டுகிறது என்பதையும் அவரால் மறுக்க இயலவில்லை.

இதே காலத்தில் டிப்ஸுக்கு எதிரான இயக்கமும் வலுத்திருந்தது. 1909இல் வாஷிங்டன் மாநிலம் முதல் தடைச்சட்டத்தை இயற்றியது. வேறு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1916இல் வில்லியம் ஸ்காட் என்பவர், அரிக்கும் உள்ளங்கையைத் தலைப்பிலேயே வைத்து, இவ்வழக்கம் குடியரசுக்கு இழைக்கப்படும் அவமதிப்பு என்று ஒரு முழு நூலே எழுதினார். ஆயினும் 1926க்குள் அத்தனை சட்டங்களும் மறைந்துவிட்டன. கொடுப்பவரையும் வாங்குபவரையும் தண்டிக்க முனைந்த அச்சட்டங்கள், வேலை வாங்கும் முதலாளி முழுக் கூலி தர வேண்டும் என்று கட்டளையிடவில்லை. பள்ளத்தை நிரப்பாமல் பாலத்தை மட்டும் இடித்தால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று.

பள்ளத்தைப் பற்றிப் பேசியவர்கள் போர்ட்டர்கள்தாம். 1925இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தபோது, உயர்ந்த மாதச் சம்பளத்தோடு டிப்ஸ் முறையை ஒழிப்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். வாங்கும் கையே வேண்டாம் என்றது! டிப்ஸுக்கு எதிராக மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையத்திடம் முறையிட்டார்கள். தன் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று 1928இல் ஆணையம் கைவிரித்தது. பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937இல் புல்மன் நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஊதியம் உயர்ந்தது, மாத வேலைநேரம் 400 மணியிலிருந்து 240ஆகக் குறைந்தது.

உணவகப் பணியாளருக்கு அந்த வெற்றி வாய்க்கவில்லை. 1938இன் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. 1966இல் உள்ளே வந்தபோதும் ஒரு நிபந்தனை இருந்தது: முதலாளி தர வேண்டிய குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி வரை டிப்ஸைக் கணக்குக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். புல்மனின் தந்திரம் இவ்வாறு சட்டமாயிற்று. 1991இல் முதலாளி கொடுக்க வேண்டிய பங்கு மணிக்கு 2.13 டாலர். 1996இல் பொது ஊதியத்தோடு அதற்கிருந்த பிணைப்பு அறுக்கப்பட்டது. இன்றும் கூட்டரசுச் சட்டப்படி அதே 2.13தான். டிப்ஸும் சேர்ந்து பொது ஊதியமான 7.25 டாலரை எட்டாவிட்டால் முதலாளி நிரப்ப வேண்டும் என்று விதி உண்டு. கலிபோர்னியா உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் இந்தக் கழிவை அனுமதிப்பதில்லை. மற்ற இடங்களில், மேசையில் அமர்ந்திருப்பவர் தம்மையறியாமலே பாதி முதலாளி ஆகிறார்; புன்னகை பிடிக்காவிட்டால் சம்பளத்தை வெட்டும் அதிகாரத்தோடு.

*

பிரான்சிலும் காப்பிக்கடைப் பரிமாறுபவர்கள் டிப்ஸையே நம்பியிருந்தார்கள். 1907இல் பாரிசில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மீசை வைத்துக்கொள்ளும் உரிமையும் கோரிக்கைகளில் ஒன்று. மழித்த முகம் அக்காலத்தில் ஏவலாளின் அடையாளம். 1933இல் வந்த சட்டமொன்று, சேவைக்கென வசூலிக்கப்படும் தொகை முழுதும் பணியாளருக்கே சேர வேண்டும் என்றது. 1987 முதல் விலைப்பட்டியலில் அச்சாகும் விலையிலேயே சேவைக் கட்டணம் அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. பிரெஞ்சுக்காரர் மேசையில் சில்லறை மட்டும் விடுவதற்குக் கருமித்தனம் காரணமன்று. அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

ஜப்பானின் கதை இன்னும் வியப்பானது. சோசெகியின் 'போச்சான்' (1906) நாவலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: மாதம் 40 யென் சம்பளத்துக்குச் சிற்றூருக்கு வரும் இளம் ஆசிரியனை விடுதிக்காரர்கள் மாடிப்படிக்குக் கீழே புழுக்கமான இருட்டறையில் அடைக்கிறார்கள். அவன் வீறாப்பாக 5 யென் 'சாதாய்' கொடுக்கிறான்; உடனே விசாலமான அறை கிடைக்கிறது. தேநீர்க் காசு விருந்தினரின் தகுதியை அளக்கும் கோலாக இருந்த காலம் அது. அதை ஒழிக்க இயக்கங்களே நடந்தன. 1920களில் தோக்கியோவின் 'கஃபே'க்களில் வேலைபார்த்த பெண்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வாடிக்கையாளர் தந்ததே வருமானம். அவ்வாறு வேலைசெய்த ஹயாஷி ஃபுமிகோ, தம் வறுமை நாட்களைப் பின்னர் இலக்கியமாக்கினார். இன்று பெரிய விடுதிகளின் கட்டணத்தோடு சேவைத் தொகை சேர்ந்தே வருகிறது. மரபான விடுதிகளில் சிலர் உறையிலிட்டுத் தரும் அன்பளிப்பே பழைய வழக்கத்தின் எச்சம். ஜப்பானியர் இனாம் வாங்க மாட்டார் என்பது தொன்றுதொட்டு வந்த இயல்பல்ல. ஒரு நூற்றாண்டில் வந்து சேர்ந்த நிலை.

மாற்றம் இயலும் என்பதற்கு ஆர்வெல்லும் ஒரு சாட்சி. 1936 இறுதியில் புரட்சியின் பிடியிலிருந்த பார்சிலோனாவில், மின்தூக்கி இயக்கிய சிறுவனுக்குக் காசு கொடுக்கப்போய் விடுதி மேலாளரிடம் அறிவுரை கேட்க நேர்ந்ததை அவர் பதிவுசெய்திருக்கிறார். ஆனால் மாற்றம் தனியொருவரின் நல்லெண்ணத்தால் நிலைப்பதில்லை. 2015இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற உணவக உரிமையாளர் டேனி மேயர் தம் உணவகங்களில் டிப்ஸை நிறுத்தி, விலையை உயர்த்திச் சம்பளத்தில் சேர்த்தார். 2020இல் அவரே அதைக் கைவிட்டார். சுற்றிலும் உள்ள கடைகள் குறைந்த விலையை அச்சடித்து, மீதியை வாடிக்கையாளரின் மனச்சாட்சிக்கு விட்டிருக்கும்போது, முழு விலையை அச்சடிப்பவர் மட்டும் விலை அதிகம் என்ற பெயரைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியிருக்கிறது. உணவக ரசீதில் சேவைக் கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. வாடிக்கையாளரின் விருப்பம் காக்கப்பட்டது நல்லதே. ஆயினும் அந்த விவாதத்தில் அதிகம் பேசியவர்கள் உண்பவர்களும் உரிமையாளர்களும். தட்டு ஏந்துகிறவரின் மாதச் சம்பளம் என்ன என்ற கேள்வி ஓரத்தில்தான் நின்றது.

இவ்வளவையும் அறிந்தபின், கொள்கையின் பேரால் ஒன்றும் வைக்காமல் எழுந்துவிடலாமா என்றால், கூடாது என்பதே நம் விடை. அது முதலாளியைத் தீண்டாது. பரிமாறியவரின் அன்றைய கூலியில் மட்டும் விழும். சோம்புத் தட்டில் காசை வைப்போம். ஆனால் அதைக் கொடை என்று எண்ணி நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். அது பெரும்பாலும் வேறொருவர் கொடுக்காமல் விட்ட பாக்கி.