முட்டி ஜவ்வு

1972-ல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன்னால், சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசலில் முயல் விரட்டாத நாய் குறைவு. அப்பா வளர்த்த சிப்பிப்பாறை நாய் செவலை ஒருநாள் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டே வீடு வந்தது. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். சூடு போட்டார்கள். அம்மா, கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாள். கால் ஊன்றவே இல்லை, தொடை சூம்பிப்போனது.

பல வருடம் கழித்து, நான் வளர்த்த ராஜபாளையம் நாய் வெள்ளையனுக்கும் அதே கோளாறு வந்தது. 32 கிலோ உடம்பு. உட்காரும்போது அந்தக் காலை மட்டும் மடக்காமல் வெளியே நீட்டிப் போடுவான். திருநெல்வேலியில் மருத்துவர் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொடையெலும்பை ஒரு கையிலும் கீழ்க்கால் எலும்பை மறுகையிலும் பிடித்துத் தள்ளினார். மேசை டிராயர் மாதிரி எலும்பு முன்னால் நழுவியது. "எலும்பு முறியலண்ணே, முட்டி ஜவ்வு அறுந்திருக்கு" என்றார்.

மனிதனுக்கு இது பெரும்பாலும் ஒரே அடியில் அறும். நாய்க்கோ, உராய்ந்து உராய்ந்து பாவு நூல் இற்றுப்போவதைப் போல நாள்பட அறுகிறது. கீழ்க்கால் எலும்பின் மேல்பரப்பு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், மேட்டில் நிற்கும் வண்டியை இழுத்துப் பிடிக்கும் கயிறு மாதிரி, ஒவ்வொரு அடியிலும் பாரம் ஜவ்வின் மேல் விழுகிறது.

1952-ல் பின்லாந்தின் கால்நடை மருத்துவர் சாகி பாட்சாமா, நாயின் தொடைச் சவ்வில் ஒரு பட்டையை உரித்து, எலும்பில் துளையிட்டுக் கோத்துப் புது ஜவ்வாக்கினார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கு வெளியே கெட்டி நைலான் இழை கட்டினார்கள். சின்ன நாய்களுக்கு அது தாங்கியது. பெரிய நாய்களின் பாரத்தில் இழை தளர்ந்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் கயிற்றை விட்டுவிட்டுச் சரிவையே பார்த்தார். வளைந்த ரம்பத்தால் கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதியை அறுத்து, சுழற்றி, 25 பாகை அளவிலான சரிவை 5 பாகைக்குக் கொண்டுவந்து பிளேட்டும் ஸ்க்ரூவும் வைக்கும் முறையை 1993-ல் வெளியிட்டார். மேடு மட்டமானால் வண்டிக்குக் கயிறு எதற்கு? எனக்கு இதைவிடத் தெளிவான சிந்தனை தெரியவில்லை.

வெள்ளையனுக்கு அப்படித்தான் செய்தார்கள். எலும்பு கூடும்வரை, இரண்டு மாதம் சங்கிலியிலேயே நடத்தினேன். இப்போது நாலு காலையும் ஊன்றிப் படியேறுகிறான்.

செவலை அந்தச் சிம்புக் கட்டைக் கடித்துக்கொண்டே இருந்தது. முறியாத எலும்புக்குப் போட்ட கட்டு அது. அப்பா அதட்டிவிட்டு இன்னும் இறுக்கிக் கட்டினார். நான்தான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.