சோதிப்பவரைச் சோதிப்பது யார்?

கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்திருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கார்வேட்டிநகரமோ சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் நின்றுவிட்டது. ஜமீனின் பழைய நிலத்தில் ஓடிய பேருந்துகளுக்குத் தகுதிச் சான்று வழங்கும் பொறுப்பும் இரண்டு அரசுகளிடையே பிரிந்தது. மாநிலங்கள் தத்தமக்கென மோட்டார் வாகனத் துறை அமைத்துக்கொள்ள 1956ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஏற்கெனவே வழிசெய்திருந்தது.

வாகனத்துக்குச் சட்டம் தந்த பாதுகாப்பு குறைவானதன்று. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்றை ரத்து செய்யும் அதிகாரி அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 57ஆம் பிரிவின்படி உரிமையாளர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இரு தரப்பையும் கேட்ட பிறகே தீர்ப்பு.

அந்தச் சான்றில் கையொப்பமிடும் ஆய்வாளரின் தகுதியை 1989 ஜூன் 12 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை வரையறுத்தது: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் பொறியியலில் டிப்ளமோ, இலகு வாகனங்களையும் கனரக வாகனங்களையும் பழுதுபார்க்கும் பட்டறையில் ஓராண்டு அனுபவம், கனரகச் சரக்கு வாகனமும் பயணியர் வாகனமும் ஓட்டும் உரிமம். திருத்தணிக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் மீண்டும் ஒரே அளவுகோல்! ஆயினும் அது நுழைவாயிலுக்கு மட்டுமான அளவுகோல். லாரி குறித்த காலத்தில் மறுசோதனைக்கு வந்தாக வேண்டும். ஆய்வாளரின் தொழிலறிவை மறுபடி சோதிப்பது பற்றி அந்த அறிவிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே வழக்குகளும் வாயிலிலேயே மூண்டன. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு 113 ஆய்வாளர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது, பட்டறை அனுபவச் சான்று பற்றிய பிணக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சான்றை எழுதித் தருபவர் பட்டறை உரிமையாளர். அது ஏற்கப்படாவிட்டால் இழப்பு விண்ணப்பதாரருக்கு. பணியில் சேர்ந்துவிட்டவருக்கோ அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு துணைநிற்கிறது: குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, விளக்கம் கேட்காமல் அவரைப் பணிநீக்கம் செய்ய இயலாது. நியாயமான காப்புதான். ஆனால் அது நடத்தைக் குற்றத்துக்கு உரியது. வண்டிகள் மாறிவிட்ட காலத்தில் பழைய அறிவோடு நிற்பதைப் பற்றி அது பேசவில்லை.

1960இல் கட்டாய வாகனச் சோதனையைத் தொடங்கிய பிரிட்டன், 2016 முதல் சோதனையாளர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சியையும் மதிப்பீட்டையும் விதித்தது. தேர்ச்சி மதிப்பெண் 50 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக 80 ஆனது. உரிய காலத்தில் முடிக்காதவர் வாகனத்தைச் சோதிக்க இயலாது. பணி அனுபவம் எத்தனை ஆண்டாயினும் விலக்கில்லை.

இந்தியாவில் 2021 செப்டம்பரில் வந்த தானியங்கிச் சோதனை நிலைய விதிகளும் வாகன உரிமையாளருக்கு மேல்முறையீட்டையும் மறுசோதனையையும் தந்துள்ளன. பிரேக்கின் வலுவை அங்கே இயந்திரம் அளக்கிறது. அதே நிலையத்தில் சில உறுப்புகளை இன்னும் ஒரு மனிதர் கண்ணால் பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்.